இலையில் ஒரு வெள்ளைப் பிறை

நான் இதைச் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. அன்று மழை பெய்தது என்றுதான் பல வருடங்களாக நம்பியிருந்தேன். இல்லை என்கிறாள் ராக்கம்மா. நல்ல வெயிலாம், நாங்கள் இருவரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு செடி பிடுங்கினோமாம், வேலிக்கு வெளியே நின்று அவள் பார்த்தாளாம். இருக்கலாம். அந்த வரிசைச் செடிகளை நானும் திரவியமும் வேரோடு பிடுங்கினோம் என்பது நிச்சயம். திரவியம் அவற்றைக் கோணிப்பையில் அள்ளித் திணித்தான் என்பதும் நிச்சயம். கோணிப்பை எரிகுழிக்குப் போனதை நான் கண்ணால் பார்த்தேனா, அல்லது பார்த்ததாகப் பிறகு நினைத்துக்கொண்டேனா? மற்றதெல்லாம் தெளிவாக இருக்கிறது. இந்த ஓர் இடத்தில் மட்டும் மழை பெய்துகொண்டே இருக்கிறது.

பாஸ்பேட் கப்பல்கள் வருவது நின்றுபோன காலம் அது. உலகத்தில் பாஸ்பேட் பாறை வெட்டியெடுக்கும் நாடுகள் சிலதான். மிச்சமிருப்பது தங்களுக்கே போதாது என்று அவை ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. சமவெளியில் நெல்லுக்கே உரம் இல்லாதபோது மலைமேல் தேயிலைக்கு யார் கொடுப்பார்கள்? தோட்டங்கள் மஞ்சளாகி, பிறகு குச்சியாகி நின்றன. கம்பெனிகள் கைவிட்டுப் போன நிலத்தை அரசு தொழிலாளர் சங்கங்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. தேயிலையைப் பிடுங்கிவிட்டு மேய்ச்சல் நிலமாக்கி மாடு வளர்த்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: குறித்த கெடுவுக்குள் நிலம் பச்சையாக மூடியிருக்க வேண்டும். செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்துக்கொண்டேயிருக்கும். மூடாத நிலம், மண் அரிக்கும் நிலம் என்று அரசிடமே திரும்பப் போய்விடும்.

அப்படி நிலம் பெற்ற மலையூர்களில் ஒன்றான மூங்கில்மட்டத்தில் எல்லோரும் அந்தச் செயற்கைக்கோளை ‘மேல இருக்கிறவன்’ என்றார்கள்.

“சாமின்னா ஒரு சூடத்தக் காட்டி ஏமாத்திரலாம் டாக்டரம்மா. இவன எதக் காட்டி ஏமாத்த?” என்பாள் ராக்கம்மா.

சங்கத்தின் தலைவி அவள்தான். அவளுடைய அப்பா கைக்குழந்தையாக இலங்கையிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர். அந்த ஞாபகத்துக்கு அவள் தன் பசுவுக்குக் கொழும்பு என்று பெயர் வைத்திருந்தாள். “கொழும்பு இன்னிக்குப் பால் கறக்கல”, “கொழும்புக்கு வயித்தால போகுது” என்று அவள் சத்தமாகச் சொல்லும்போது புதிதாக வருகிறவர்கள் திகைப்பார்கள். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். மாட்டுக்கு ஊசி போடத் தெரியாத என்னை டாக்டரம்மா என்று கூப்பிடுவதிலும் அதே சந்தோஷம்தான்.

மூங்கில்மட்டத்தை ஒட்டியிருந்த மேய்ச்சல் பயிர் ஆய்வு நிலையத்தில் நானும் ஞானதிரவியமும் க்ளோவர் செடியை வைத்துக்கொண்டு வேலை பார்த்தோம். மூன்று இலை கொண்ட, தரையோடு படரும் தீவனச் செடி. மாட்டுக்கு அதைப்போலச் சத்தான பச்சை வேறில்லை. ஆனால் தேயிலை மண்ணில் அது வராது.

“ஏன் வராது? மண்ணுல அந்தப் பாஸ்பரசு சுத்தமா இல்லையா?” என்று ராக்கம்மா ஒருநாள் கேட்டாள். அவள் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். கீரைப்பாத்தியைக் கோழி கிளறாமலிருக்கப் பச்சை வலையால் கூடாரம் போல மூடியிருந்தாள்.

“இருக்குக்கா. நிறையவே இருக்கு. ஆனா இந்தச் செம்மண்ணுல இருக்கிற இரும்பு அதக் கெட்டியாப் பிடிச்சு வச்சிருக்கு. வேருக்குக் கிடைக்காது.”

“ரேசன் கடைல அரிசி இருக்கு, கடக்காரன் இல்ல. அப்படியா?”

“அப்படித்தான்.”

“அப்ப ரெண்டு வழி. ஒண்ணு பூட்ட உடைக்கணும். இல்ல, சோத்தக் கொறைக்கணும்.”

நாங்கள் ஆராய்ச்சித் திட்டத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது இவ்வளவுதான். என்னுடைய வழி பூட்டை உடைப்பது. வேரிலிருந்து புளிப்பைக் கசியவிட்டு, இரும்பின் பிடியைத் தளர்த்தி, பாஸ்பரசை எடுத்துக்கொள்ளும் செடி. திரவியத்தின் வழி சோற்றைக் குறைப்பது. கிடைக்கிற கொஞ்சத்தை வைத்துக்கொண்டே பெரிய இலை விடும் செடி. இரண்டு வரிசைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வளர்த்தோம். என் செடிகளின் ஒவ்வோர் இலையிலும் அகலமான வெள்ளைப் பிறை இருக்கும். அவனுடையவை மொட்டைப் பச்சை. பெயர்ப்பலகை தேவையே இல்லை. தூரத்திலிருந்தே எது யாருடையது என்று தெரியும்.

திரவியம் என்னோடு கல்லூரியில் படித்தவன். திசையன்விளைப் பக்கத்துக்காரன். ஊரில் அவனைக் கொஞ்சம் ஊமை என்று நினைத்தார்களாம். அதனால்தான் எனக்கு அவனைப் பிடித்தது. க்ளோவர் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது; வேறொரு செடியிலிருந்து தேனீ கொண்டுவர வேண்டும். ஆகவே கலப்புச் செய்யும் செடிகளை வலைக்கூண்டில் அடைத்து உள்ளே தேனீக்களை விடுவோம். அதற்கு முன்னால் அவற்றைக் குளிப்பாட்ட வேண்டும். வெளியே எந்தெந்தப் பூவிலோ புரண்டு வந்திருக்கும். அந்த மகரந்தம் உடம்பில் ஒட்டியிருந்தால் எங்கள் கலப்பு வீண். கண்ணாடிக் குழாயில் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தண்ணீரில் முக்கி எடுத்து, செய்தித்தாளில் வெயிலில் போடுவோம். செத்ததுபோலக் கிடக்கும். பிறகு ஒரு கால் அசையும். பிறகு எல்லாக் கால்களும். சிறகு உலர்ந்ததும் நடுங்கிக்கொண்டு எழும். காலை முழுவதும் எதிரெதிரே உட்கார்ந்து இதைச் செய்வோம். ஒரு சொல் பேசமாட்டோம். எனக்குத் தெரிந்த மிக நெருக்கமான உறவு அந்த மௌனம்தான். பேசாதவனிடம் மறைக்க ஒன்றுமில்லை என்று நான் எப்படி முடிவுசெய்தேன் என்று தெரியவில்லை.

அவனுடைய வரிசை என்னுடையதை வேகமாக முந்தியது. இலை பெரிது, படர்தல் வேகம். நிலையத்துக் கிடாரி ஒன்றுக்கு அதை மட்டுமே தீவனமாகக் கொடுத்துப் பார்த்தோம். ஆரம்பத்தில் பளபளவென்று இருந்தது. பிறகு சுவரை நக்கத் தொடங்கியது. பிறகு, நாய் எங்கிருந்தோ இழுத்துவந்து போட்ட ஆட்டெலும்பை அது வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. கடவாயில் எச்சில் ஒழுக, கண்ணை மூடிக்கொண்டு, மிட்டாய் சப்புவதுபோல. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“இலைல பாஸ்பரஸ் இல்ல அரசி. செடி சிக்கனம் பிடிச்சிருச்சு. மாடு என்ன செய்யும்?” என்றான்.

“கறவை மாடா இருந்தா பால்ல தெரியாதா?”

“தெரியாது. பால்ல கொறைய விடாது. தன் எலும்புல இருந்து எடுத்துப் பால்ல வைக்கும்.”

கிடாரியின் வாயிலிருந்து எலும்பைப் பிடுங்கியபடி அவனே சொன்னான்: “தூக்கிப் போட்டுரலாம்.”

அன்றுதான் அந்த வரிசையைப் பிடுங்கினோம். மழையோ, வெயிலோ.

அதன்பிறகு அவன் என்னுடைய செடிக்காகத்தான் வேலை செய்தான். அப்படித்தான் நினைத்தேன். ரகத்தைப் பதிவு செய்யும்போது அடையாளக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. வேர்ப்புளிப்பு என்று எழுதலாமா என்று கேட்டேன். “வேரை யார் தோண்டிப் பாக்கப் போறா? இலையில் அகலமான வெள்ளைப் பிறைன்னு எழுது. எவனும் பாத்தாத் தெரிஞ்சுக்குவான்” என்றான். சரியாகத்தான் பட்டது. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. கண்ணுக்குத் தெரிவதை எழுதுவோம்.

ராக்கம்மாவின் நிலத்தில் ஒரு மூலையில் முதல் பாத்தி போட்டோம். வெள்ளைப் பிறைகள் முளைத்தன. ஆனால் நிதானமாக முளைத்தன. என் செடி முதலில் கீழே போகும். வேரை விரித்துப் பூட்டைத் திறந்த பிறகுதான் மேலே வரும்.

“உங்க செடி உங்கள மாதிரியேதான் டாக்டரம்மா. உள்ளுக்குள்ளயே யோசிச்சுக்கிட்டு இருக்கு” என்றாள் ராக்கம்மா. சிரித்துவிட்டு, சிரிப்பு முடிந்த முகத்தோடு கேட்டாள்: “கெடுவுக்குள்ள மூடுமா?”

“மூடும்க்கா.”

“எங்க ஆளுங்கள ஒரு தடவ கப்பல்ல ஏத்தி எறக்கியாச்சு. இன்னொரு தடவ எறக்கிவிட வேற கரை கிடையாது. அதான் கேக்கறேன்.”

“மூடும்” என்று மறுபடி சொன்னேன். திரவியம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் எதற்கும் ஒன்றும் சொல்லாதவன்.

விதைப் பெருக்கம் தொடங்கவிருந்த நேரத்தில் சிதம்பரத்தில் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை. விதை வேலையைத் திரவியத்திடம் விட்டுவிட்டுப் போனேன். அம்மா தேறி நடப்பாள் என்று நினைத்தேன். நடக்கத்தான் செய்தாள், ஒவ்வோர் அடியையும் தரையிடம் அனுமதி கேட்டு வைப்பதுபோல. இரண்டாவது ஐப்பசியில் இறந்துபோனாள். காரியம் முடிந்து மலைக்குத் திரும்பினேன்.

பேருந்து மூங்கில்மட்டத்து வளைவில் திரும்பியபோது எனக்கு மூச்சு நின்றது. சரிவு முழுக்கப் பச்சை. குச்சியாக நின்ற தேயிலை ஒன்றுகூட இல்லை. இறங்கி ஓடிப்போய் ஓர் இலையைப் பறித்துப் பார்த்தேன். வெள்ளைப் பிறை. அகலமான, சுத்தமான வெள்ளைப் பிறை. பாதையோரம் உட்கார்ந்து அழுதேன் என்று நினைக்கிறேன். அம்மாவுக்காகவும் இருக்கலாம். ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அது நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு எதிரே மாடுகள் வந்தன. முன்னால் கொழும்பு. அது ஒவ்வோர் அடியையும் தரையிடம் அனுமதி கேட்டு வைத்தது.

நான் எழுந்து நின்றேன். அந்த நடையை ஒரு வருடத்துக்கு மேல் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். மாடு என்னைக் கடந்தபோது அதன் கால்மூட்டுகள் சொடுக்குப் போடுவதுபோலச் சத்தம் கொடுத்தன. பின்னால் வந்த கன்று எதையோ மென்றுகொண்டிருந்தது. வாயைப் பிளந்து எடுத்தேன். கோழியெலும்பு.

ஆய்வுக்கூடத்தில் எனக்கென்று ஒரு சோதனை உண்டு. ஊதா நிறச் சாயம் கலந்த கூழைத் தட்டில் ஊற்றி உறையவைத்து, அதில் வேரைப் பதித்து வைப்பேன். வேர் புளிப்பைக் கசியவிட்டால் அதைச் சுற்றி ஊதா கலைந்து மஞ்சளாகும். என்னுடைய செடி என்றால், மதியச் சாப்பாட்டுக்குள் வேரின் உருவமே மஞ்சள் கோட்டில் வரைந்ததுபோலத் தெரியும். சரிவின் பல இடங்களிலிருந்து செடிகளைத் தோண்டி வந்து பதித்தேன். சாப்பிடப் போகவில்லை. நாற்காலியைத் தட்டின் முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஊதா ஊதாவாகவே இருந்தது. மாலையிலும்.

இலையில் என் பிறை. வேரில் அவனுடைய சிக்கனம். இரண்டும் தற்செயலாகச் சேர முடியாது. ஒரு தடவை கலந்தால் வேர் குணமும் பாதி கலந்துவிடும். பிறையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட வேண்டுமானால், கலந்து, பிறை வந்த நாற்றுகளை மட்டும் பொறுக்கி, மறுபடி மொட்டைப் பச்சையோடு கலந்து, மறுபடி பொறுக்கி, தலைமுறை தலைமுறையாகச் செய்ய வேண்டும். நான் ஊருக்குப் போயிருந்த காலத்தில் அதைச் செய்து முடிக்க முடியாது. அதற்கு வெகு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து தேனீக்களைக் குளிப்பாட்டிய காலைகளில் அவன் மனதில் அது இருந்திருக்க வேண்டும். நான் எந்த மௌனத்தைக் குடித்து வாழ்ந்தேனோ, அந்த மௌனத்தில்.

மறுநாள் காலை கூண்டுக்குள் அவனைப் பார்த்தேன். செய்தித்தாளில் ஈரத் தேனீக்கள் கிடந்தன. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். அவன்தான் முதலில் பேசினான்.

“அம்மா காரியத்துக்கு வர முடியல. மன்னிச்சிரு.”

“எதுக்கு என்னோட பிறையைப் போட்ட?”

“பதிவான ரகம் அதுதான. வேறயா இருந்தா விதைக்க விட மாட்டாங்க.”

“அதுக்காக மட்டுமா?”

ஒரு தேனீ கால் அசைத்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “நீ பாத்தா சந்தோசப்படணும்னுதான்.”

அவனை அடிக்க வேண்டும் என்று தோன்றியது. எனக்கு அப்படி யாரைப் பார்த்தும் தோன்றியதில்லை.

“கொழும்போட மூட்டு சத்தம் போடுது திரவியம். கேட்டியா?”

“கேட்டேன்.”

“நாம ரெண்டு பேரும் அந்தக் கிடாரியப் பாத்தோம். ரெண்டு பேரும்.”

“உன் செடிய வச்சிருந்தா கெடுவுக்குள்ள பாதிகூட மூடியிருக்காது அரசி. நிலம் போயிருக்கும். உனக்கும் தெரியும், நீதான் கணக்குப் போட மாட்டேன்னுட்ட.” அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. “அப்புறம் இன்னொண்ணு. பூட்டத் தொறக்கிற செடின்னு பெருமைப்படற. தொறந்து எடுத்துட்டே இருந்தா நாளைக்கு உள்ள என்ன இருக்கும்? உன் செடி மண்ணோட எலும்பத் திங்கும். என் செடி மாட்டோட எலும்பத் திங்கும். மாட்டுக்கு எலும்புத்தூள் வெளியில இருந்து வாங்கிக் குடுத்துரலாம். மண்ணுக்கு யார் குடுப்பா?”

“வாங்கிக் குடுத்தியா?”

அவன் குழாயில் இன்னொரு தேனீயைப் பிடித்தான். எலும்புத்தூளும் பாஸ்பேட்தானே. அது எப்போதோ சமவெளி வயல்களுக்குப் போகத் தொடங்கியிருந்தது. ஒரு பை கூட மலையேறவில்லை. நாளிதழ்மேல் தேனீக்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. எனக்கு முதல்முறையாக அந்தக் கூண்டின் அமைதி தாங்கவில்லை. நான் வெளியே வந்தேன்.

நேராக ராக்கம்மாவிடம் போனேன். அவள் தொழுவத்தில் கொழும்பின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் நான் சேர்த்துவைத்திருந்ததைக் கொட்டினேன். அவள் கோபப்படுவாள், சங்கத்தைக் கூட்டுவாள், இருவருமாகப் போய் நிலையத்து வாசலில் நிற்போம் என்று நினைத்திருந்தேன்.

அவள் கையைக்கூட நிறுத்தவில்லை.

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“மாட்டுக்குக் கால் போகும்னு தெரியும். திரவியம் சார் சங்கத்துல வச்சே சொன்னாரு. நிலம் வேணுமா, மாடு வேணுமான்னு கேட்டாரு. கை தூக்கினோம்.”

“என்கிட்ட யாருமே...”

“உங்ககிட்ட சொன்னா நீங்க நேர்மையா இருப்பீங்க டாக்டரம்மா. அதுக்கு எங்களுக்கு வசதி இல்ல.”

கொழும்பு தலையைத் திருப்பி என் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியது. உப்புக்கோ, எதற்கோ. நான் இழுக்கவில்லை.

“எலும்புத்தூள் தர்றேன்னாரு. அதான் வரல” என்றாள் ராக்கம்மா, குரல் சற்றே இறங்கி. “அந்த ஒரு விசயத்துலதான் எங்களையும் ஏமாத்திட்டாரு. ஏமாத்தணும்னு இல்ல. அவருக்கே கிடைக்கல. ஆனா மாட்டுக்கு அதச் சொல்லிப் புரியவைக்க முடியுமா?”

“இப்பவும் மாத்தலாம்க்கா. அந்த மூலைப் பாத்தில என்னோட செடி இருக்கில்ல? அதுல இருந்து விதை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமா...”

“குத்தகைய நிரந்தரம் பண்ண அடுத்த வாரம் ஆபீசர் வர்றாரு. அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க. உங்களுக்குத்தான் அது நல்லா வருமே.”

அதிகாரி வந்தது ஒரு காலை. இளைஞர், மலைக்குப் பழகாத காலணி. மேல இருக்கிறவன் ஏற்கெனவே பச்சை என்று சொல்லிவிட்டான். பதிவான ரகம்தானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது மட்டுமே அவர் வேலை. சங்கத்து ஆட்கள் எல்லோரும் சுத்தமான உடையில் வரிசையாக நின்றார்கள். ஓரத்தில் திரவியம். அதிகாரி குனிந்து ஓர் இலையைக் கிள்ளி உயர்த்தினார்.

“வெள்ளைப் பிறை. அழகா இருக்கு. நீங்க உருவாக்கினதுதான மேடம்?”

ராக்கம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. இதுவரை குடித்த தேநீரையெல்லாம் ஒரேயடியாக என்முன் வைத்ததுபோல இருந்தது.

“இல்லை” என்றேன்.

யாரோ பின்னால் மூச்சை இழுத்தார்கள். நான் நிறுத்தவில்லை. வேர் வேறு, இந்த இலையில் மாட்டுக்கு வேண்டியது இல்லை, மாடுகளின் எலும்பு கரைகிறது, என்னோடு வந்தால் தட்டில் காட்டுகிறேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் செடிக்காகவா, மாடுகளுக்காகவா, என் கோபத்துக்காகவா என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு கையிலிருந்த திரையில் ரகத்தின் அடையாளக் குறிப்பைத் தேடி எடுத்தார்.

“இங்க வேரைப் பத்தி ஒண்ணும் இல்லையே மேடம். இலையில் அகலமான வெள்ளைப் பிறைன்னுதான் இருக்கு. நீங்க எழுதினதுதான?”

“ஆமா.”

“அப்ப இதுதான் அந்த ரகம்.”

கையெழுத்துப் போட்டார். நிலம் நிரந்தரமாயிற்று. யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் கலைந்தபோது ராக்கம்மா என் பக்கமாக வந்து நின்றாள்.

“அந்தாள் ஒழுங்கா வேலை தெரிஞ்சவனா இருந்திருந்தா?” என்றாள். “இந்நேரம் நாங்க மூட்டையக் கட்டிட்டு இருப்போம்ல?”

அதிகாரி கிள்ளிப் போட்ட இலையைக் குனிந்து எடுத்தேன்.

“திரவியம் சார் உங்கள ஏமாத்தினாரு. நான் உங்கள ஏமாத்தினேன். சரி. நீங்க மட்டும் எங்களுக்கு என்ன பண்ணீங்க?”

அதற்குப்பின் அவள் வெகுகாலம் என்னோடு பேசவில்லை. மௌனம் எனக்குப் பிடிக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். எதிரே ஆள் உட்கார்ந்திருந்தால்தான் அது மௌனம். இல்லையென்றால் அது வெறும் சத்தமின்மை என்று அப்போதுதான் தெரிந்தது.

கொழும்பு படுத்த இடத்திலிருந்து எழவில்லை என்று ஒருநாள் ஆள் அனுப்பினாள். நான் போனபோது அது செத்திருந்தது. எழ முயன்றபோது தொடையெலும்பு முறிந்துவிட்டதாம். என்னுடைய முதல் பாத்தி இருந்த மூலையில் குழி வெட்டினார்கள். மற்றவர்கள் போன பிறகு ராக்கம்மாவும் நானும் குழிமேட்டில் உட்கார்ந்திருந்தோம். ஏதாவது பேச வேண்டுமே என்று அந்தச் செடி பிடுங்கிய நாளைப் பற்றிச் சொன்னேன். அன்று மழை என்றேன்.

“மழையா? நல்ல வெயிலு” என்றாள். தலைத்துண்டு, வேலி எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு கையிலிருந்த மண்ணை உதறிக்கொண்டே, “அந்தக் கோணிப்பை எங்க போச்சுன்னு நினைச்சீங்க?” என்று கேட்டாள்.

“எரிகுழிக்கு.”

“எங்க வீட்டுப் பின்னாடிக்கு. கோழி கிளறாம வலை போட்டு வச்சிருந்தேன்ல, கீரைப்பாத்தி? நீங்ககூடப் பக்கத்துல உக்காந்து தேத்தண்ணி குடிப்பீங்களே.” சிறிது நேரம் குழியைப் பார்த்தாள். “தேனீயக் குளுப்பாட்டிப் பாத்திக்குள்ள விட்டதெல்லாம் நான்தான். திரவியம் சார் கத்துக் குடுத்தாரு. செத்த மாதிரியே கிடக்கும், அப்புறம் எந்திரிக்கும், இல்ல? மொத தடவ பாத்தப்ப பாவமா இருந்துச்சு.”

இப்போது எல்லோருக்கும் என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். திரவியம் நிலையத்தின் தலைவனானான்; பிறகு தானாகவே விலகித் திசையன்விளைக்குப் போய்விட்டான். அங்கே முருங்கை பயிரிடுகிறான் என்றும், யாரோடும் பேசுவதில்லை என்றும் கேள்வி. வெள்ளைப் பிறை மலை முழுக்கப் பரவிவிட்டது. அதை என் பெயரோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள். மூங்கில்மட்டத்தில் இப்போது யாரும் ஒரு மாட்டை அதிக காலம் வைத்திருப்பதில்லை. நடை மாறத் தொடங்கியதும் விற்றுவிடுகிறார்கள். யாரும் மாட்டுக்குப் பெயர் வைப்பதுமில்லை. நிலம் அவர்களுடையதாக இருக்கிறது. ராக்கம்மாவின் பேத்தி அந்தப் பட்டாவின் பேரில் வாங்கிய கடனில் கல்லூரியில் படிக்கிறாள். நான் ஓய்வுபெற்றுச் சிதம்பரத்தில் இருக்கிறேன்; வருடத்துக்கு ஒருமுறை மலைக்குப் போய்வருகிறேன். கொழும்பின் எலும்புகள் கிடக்கும் மூலையில் மட்டும் க்ளோவர் கணுக்காலைத் தாண்டி வளர்கிறது. அங்கே ராக்கம்மா எந்த மாட்டையும் மேய விடுவதில்லை.